வலது இறக்கையின் கேபிள்

நான் காபி கொண்டுபோன நேரத்தில் எனெய்தா முக்காலியில் ஏறி நின்று, விமானத்தின் வலது இறக்கைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். கொட்டகையின் தகரக் கூரைமேல் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

பழைய சட்டையைக் கிழித்த துணி ஒன்று அவள் கையில் இருக்கும். அதைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுத்து வருவாள். கேபிள் நன்றாக இருந்தால் துணி எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் முள்கம்பி வேலியில் பாவாடை மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் அந்த இழை ஊசியாக ஏறிவிடும். அவள் விரல்களில் அப்படி ஏறிய தழும்புகள் நிறைய உண்டு.

"மாட்டிக்கிச்சு கொமாத்ரே," என்றாள்.

அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் புருஷன் நொல்பெர்த்தோ எனக்குக் கொம்பாத்ரே. மகள் கோச்சபாம்பா நகரத்தில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும்தான்.

"எதுல மாட்டுச்சு?"

"ஆட்டோ பைலட்டோட கிளைக் கேபிள்ல. இங்க வந்து பாரு."

டார்ச்சை வாங்கிப் பிடித்தேன். ஸ்டியரிங்கிலிருந்து இறக்கை ஓரத்து மடலுக்குப் போகும் பெரிய கேபிள் ஒன்று தெரிந்தது. சின்ன மோட்டார் ஒன்றின் உருளையில் சுற்றிக்கொண்டு, மெல்லிய கேபிள் ஒன்று வந்து அந்தப் பெரிய கேபிளைக் கவ்வியிருந்தது. பைலட் கையை எடுத்துவிட்டால் அந்த மோட்டார்தான் மெல்லிய கேபிளை இப்படியும் அப்படியும் இழுத்து விமானத்தைச் சாயாமல் வைத்துக்கொள்ளும். எனெய்தா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். மெல்லியது அறுந்து உருளையில் சிக்கினால் பெரியதும் சேர்ந்து இறுகிவிடும். பிறகு பைலட் திருப்பினாலும் ஸ்டியரிங் திரும்பாது. எங்கள் பெனிச் சமவெளியில் மழைக்காலத்தில் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான் இருக்கும். நடுவில் மேடு ஏறி நிற்கும் மாடுகள். இறங்க இடம் ஏது?

உருளையைத் தொடும் இடத்தில் அந்த மெல்லிய கேபிள் மழுங்கிப் பளபளத்தது. இரண்டு மூன்று இழைகள் மயிர்போல் நீட்டிக்கொண்டிருந்தன.

"போன வருஷந்தான் புதுசா மாட்டினேன்," என்றாள் எனெய்தா. "இந்த ஊர்ல ஆட்டோ பைலட் யாரு போடுறா? ஒரு பண்ணைக்குப் போக ஆகுற நேரத்துக்கு அத முடுக்குறதே வெட்டி வேல. இது என்னடான்னா காலம் பூரா ஓடுன மாதிரி தேஞ்சு கெடக்கு."

"யாரு ஓட்டுறா இத?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாரு ஓட்டுவா? அந்தக் கெழவந்தான்."

கெழவன் என்பது அவளுக்குச் செல்லப் பேர். அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்ட இளவயதிலிருந்தே அவன் அவளைக் கெழவி என்பான், அவள் அவனைக் கெழவா என்பாள். ஆனால் சில மாதங்களாக அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் வாய் கோணியது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷன் பெண்டாட்டி, காதலர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் மோட்டார் பைக்கில் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வேறு வேடிக்கை எங்களுக்குக் கிடையாது. நொல்பெர்த்தோ அதை நிறுத்திவிட்டான். பைக்கின் கிளட்ச் சரியில்லை என்றான். மெக்கானிக்கான பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்யா அது? அவள் பிரித்துப் பார்த்தாள். கிளட்ச் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவன் கட்டிலை விட்டுவிட்டு வெளித் தாழ்வாரத்தில் வலைத் தூளி கட்டிப் படுக்க ஆரம்பித்தான். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். திருவிழாவில் ஆட வரவில்லை. யாகுமா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் புதிதாக ஒரு சமையல்காரி வந்திருக்கிறாள் என்று விமானத்தளத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள் பேசிச் சிரித்தார்கள். அந்தப் பேச்சு என் கடைக்கு வந்து, அங்கிருந்து அவள் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் கூடையிலிருந்து ஒரு பாலாடைக்கட்டி ரொட்டியை எடுத்து, கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

என் சாப்பாட்டுக் கடை விமானத்தளத்தின் வாசலிலேயே இருக்கிறது. மதியம் உப்புக்கண்டச் சோறு செய்திருந்தேன். காய்ந்த மாட்டிறைச்சியை இடித்து நார்நாராகப் பிரித்து, அரிசியோடு கொழகொழவென்று வேகவைத்து, மேலே பொரித்த முட்டையும் வாழைப்பழமும் வைத்தால் பைலட்டுகள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார்கள். நொல்பெர்த்தோ மட்டும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். பெரிய உடம்பு, பெரிய மீசை, எல்லாரையும் கிண்டல் பண்ணும் வாய். அன்று அவன் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, வலது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். எனெய்தா எதிரில் உட்கார்ந்தாள்.

"கிளைக் கேபிள் போச்சு," என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"மாத்திடு."

"இங்க இல்ல. சாந்தா க்ரூஸ்லருந்து வரணும்."

"வரட்டும்."

அப்போதுதான் தோன் எர்வின் உள்ளே வந்தார். விமானத்தின் சொந்தக்காரர் அவர்தான்; தோன் என்பது எங்கள் ஊரில் பெரிய மனிதர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். ஆற்றங்கரைகளில் அவருக்குப் பண்ணைகள் இருந்தன. மழைக்காலத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வர வழி கிடையாது. அங்கேயே அறுத்து இறைச்சியை விமானத்தில் கொண்டுவருவார்கள். ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சேறோடு வந்து நின்று, தொப்பியிலிருந்த தண்ணீரை என் தரையில் உதறினார்.

"என்ன எனெய்தா, என் பறவை எப்ப எந்திரிக்கும்?"

"கேபிள் வந்ததும் எந்திரிக்கும் தோன் எர்வின். ஆட்டோ பைலட் கேபிள்."

"ஆட்டோ பைலட்டா?" அவர் சிரித்தார். "அத எவன் போடுறான்? கழட்டி எறி. அது இல்லாமப் பறக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"இல்ல. கிளைக் கேபிள எடுத்துட்டு, மோட்டார் இணைப்பத் துண்டிச்சுட்டு, வேல செய்யாதுன்னு ஒட்டிட்டாப் போதும். பறக்கலாம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருவேன்."

"அப்ப முடி. காலைல மாடு அறுக்கச் சொல்லிடுறேன்."

"வேணாம்," என்றான் நொல்பெர்த்தோ.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஏன்டா வேணாம்? நீ இருபது வருஷமா கையால ஓட்டல?"

"இருக்குற சாமானச் சரியா வச்சுக்கணும் தோன் எர்வின். இன்னிக்கு அதக் கழட்டு, நாளைக்கு இதக் கழட்டுன்னா கடைசில நான் ஸ்டியரிங்க மட்டும் கையில வச்சுக்கிட்டு ஓட வேண்டியதுதான்."

மேஜையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தோன் எர்வினும் சிரித்தார். எனெய்தா சிரிக்கவில்லை.

"கெழவனுக்குத் தூக்கம் வருதுபோல," என்றான் மூட்டை ஏற்றுகிற ஒருவன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் விருந்து பலமோ என்னவோ."

"வாய மூடிக்கிட்டுத் தின்னு," என்றேன் நான்.

நொல்பெர்த்தோ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டான். தோன் எர்வின் தோளைக் குலுக்கினார். "சரி, கேபிளே வரட்டும். அவன் சொன்னா ஒரு காரணம் இருக்கும்," என்றார். அவன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் எனெய்தா என் கொல்லைக்கு வந்தாள். நான் ஆற்று மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலேயே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

"அவன் ஓட்டும்போது தூங்குறான் கொமாத்ரே."

"சொன்னானா?"

"கேபிள் சொல்லுது. கையெடுத்துட்டு மோட்டார்கிட்ட விட்டுடறான். ஏறினதும் போட்டு, எறங்குற வரைக்கும் எடுக்குறதில்ல. இந்தத் தேய்மானத்துக்கு வேற அர்த்தம் இல்ல. ராத்திரி எங்கயோ முழிச்சுருந்தாத்தான பகல்ல தூக்கம் வரும்?"

"ராத்திரி உன் வீட்டுத் தாழ்வாரத்துல தூளில கெடக்கான். ஊரே பாக்குது."

"பண்ணைல தங்குற நாள்ல?"

அவள் மீனின் வயிற்றைக் கீறி, குடலை எடுத்துக் கோழிகளுக்குப் போட்டாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது. கை முழுக்க மீன் இருந்ததால் தோள்பட்டையில் தேய்த்துக்கொண்டாள்.

"வயசான காலத்துல ஒருத்தி மேல ஆசை வந்துச்சுன்னா வரட்டும். அதுக்காக ஆள ஏத்திக்கிட்டு வானத்துல தூங்குவானா? அதத்தான் என்னால தாங்க முடியல. நான் இறக்கைக்குள்ள தலைய விட்டு ஒவ்வொரு ஆணியாப் பாக்குறேன். அவன் உள்ள உக்காந்து தூங்குறான்."

"கேட்டுடேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லிட்டா?"

அதன் பிறகு இருளும்வரை நாங்கள் மீன்தான் சுத்தம் பண்ணினோம்.

பஸ்ஸில் வந்த கேபிளை எனெய்தாவே போய் வாங்கி வந்தாள். அன்று மழை இல்லை. விமானத்தளத்துப் புல்லிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் வெயில் சூடும் பெட்ரோல் வாடையும். அவள் காலையிலிருந்து தனியாக நின்று கேபிளை உருளையில் சுற்றி, கவ்விகளை இறுக்கி, இழுவிசையை அளந்து பார்த்து முடித்திருந்தாள். கடைசிச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் இறக்கைக்குள் கேபிளைக் கவனிக்க வேண்டும். நொல்பெர்த்தோவைக் கூப்பிட்டாள். டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருப்பதைத் தவிர்க்கத்தான் என்னை அழைத்தாள் என்று நினைக்கிறேன்.

அவன் இடதுபக்க பைலட் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பக்கக் கதவுகளும் திறந்திருந்தன. அவள் வலது இறக்கைக்கு அடியில் முக்காலி மேல் நின்று, புதுக் கேபிள் என்பதால் துணி இல்லாமல் விரல்களையே அதன்மேல் வைத்தாள்.

"ஆட்டோ பைலட் போடு."

"போட்டாச்சு."

மோட்டார் உள்ளே முனகியது.

"இப்ப அத எதுத்துத் திருப்பு. மெதுவா."

திருப்பினான். மோட்டார் முரண்டு பிடித்து, பிறகு அதன் கிளட்ச் வழுக்கி வழிவிட்டது. மனிதன் பலத்துக்கு மோட்டார் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தச் சோதனையே அதற்குத்தான்.

"எந்தக் கையால திருப்பின?"

"வலது."

"பறக்குறப்ப எந்தக் கை ஸ்டியரிங்ல இருக்கும்?"

"இடது."

"அப்ப இடதால திருப்பு. பறக்குற மாதிரித்தான் நான் பாக்கணும்."

திருப்பினான். சரியாகத்தான் இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணு. ஸ்டியரிங்க நடுவுல நிறுத்தி அப்படியே பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாத."

நான் டார்ச் வெளிச்சத்தில் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். கேபிளில் ஏதாவது உராய்கிறதா, கப்பியில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் கேட்கும்போது அவள் அப்படித்தான் மூடுவாள். முகம் அமைதியாக இருந்தது. பிறகு புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்து கேபிளைப் பார்த்தாள். மறுபடி மூடினாள்.

"நான் எதுவும் ஆட்டல," என்றேன்.

"தெரியும்."

எஞ்சின் நின்றிருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. கொட்டகையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து என் விரலையும் அந்தக் கேபிள்மேல் வைத்தாள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. கையில் பிடித்த சிட்டுக்குருவியின் நெஞ்சு அடிப்பதுபோல், கேபிள் சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. அதை அதிர வைக்க அந்த முனையில் அவன் கையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"விடட்டுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டான் நொல்பெர்த்தோ. குரல் களைத்திருந்தது.

"விடு," என்றாள். "விடு கெழவா."

அந்தக் கெழவா பழைய கெழவாவாக இருந்தது.

அவள் முக்காலியிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு போய் மறுபக்க ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் டார்ச்சை அணைத்துவிட்டு இறக்கைக்கு அடியிலேயே நின்றேன். போவதா இருப்பதா என்று தெரியவில்லை.

"எப்பலருந்து?"

"எது?"

"நடிக்காத நொல்பெர்த்தோ."

"தெக்குக் காத்து அடிச்சு ஊரே நடுங்குச்சே, அப்ப," என்றான். "குளிருதுன்னு நெனச்சேன். காத்து போயிருச்சு. இது போகல."

"அதான் தூளில போய்ப் படுத்தியா?"

"சும்மா வச்சுருந்தாத்தான் ரொம்ப ஆடுது. ராத்திரி உன் மேல கை பட்டாத் தெரிஞ்சிரும். நீ கையால பாக்குற பொம்பள. கேபிள்ல ஒரு இழை போனாலே கண்ண மூடிச் சொல்லுவ. என்னோடது தெரியாதா?"

"பைக் கிளட்ச்?"

"பிடிச்சு நிறுத்த முடியல. உன்ன பின்னால வச்சுக்கிட்டு விழுந்துருவேன்னு பயம்."

"நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். யாகுமாவுக்கு அந்தப் பக்கத்துச் சமையல்காரி. எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சானுங்க."

"தெரிஞ்சும் நீ ஒரு வார்த்த சொல்லல."

"அப்படியே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். கை நடுங்குறவன்னு பேர் எடுக்குறதவிட அது கௌரவமா இருந்துச்சு."

விமானத்துக்குள்ளே அறை விழும் சத்தம் எனக்குக் கேட்டது. தோளில்தான் அடித்திருப்பாள்.

"அந்தப் பொம்பளைய நான் போய்ப் பாத்தேன். தெரியுமா உனக்கு? போன மாசம் உப்பு மூட்ட கொண்டுபோன வேற விமானத்துல ஏறி, கேபிள் பாக்கணும்னு பொய் சொல்லிப் போய்ப் பாத்தேன். அவளுக்கு மீசை இருக்கு."

"இருக்கு," என்றான் நொல்பெர்த்தோ. "என்னோடதவிட நல்ல மீசை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே அவளுக்கு அழுகையாக மாறியது. கூரையிடுக்கில் புறாக்கள் இறக்கை அடித்தன.

"ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனியே," என்றாள் பிறகு.

"மேல மோட்டார் பாத்துக்கும். எறங்குறப்ப நான் எடுத்துக்குவேன். இறுக்கிப் பிடிச்சா நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். ஒரு தடவகூடத் தப்பா எறக்கல."

"கேபிள் அறுந்துகிட்டு இருந்துச்சு. நீ தினம் தினம் அதத் தேச்சுக்கிட்டு இருந்த. போன வாரம் எர்வினோட பொண்ணக் கூட்டிட்டு வந்த. மடில குழந்த."

அவள் ஸீட்டில் திரும்பி உட்காரும் சத்தம் கேட்டது.

"விமானம் இப்ப சரியா இருக்கு. கேபிள் சரி, கிளட்ச் சரி. பறக்கலாம்னு நான் எழுதிக் குடுத்துருவேன். உன்ன நிறுத்தி வைக்க இதுல எனக்கு ஒரு காரணமும் கெடக்கல. கேபிளத்தான் நான் பாக்க முடியும். பைலட்ட நீதான் பாக்கணும்."

"தரைல எனக்கு ஒரு வேலையும் தெரியாது கெழவி."

"தெரியாது."

"சோறு வைக்கக்கூடத் தெரியாது."

"வாழைக்காயும் உப்புக்கண்டமும் உரல்ல போட்டு இடிக்கணும்ல. ஆடுற கைதான் அதுக்கு நல்லது."

அவன் மூக்கை உறிஞ்சினான். சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போதுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

தோன் எர்வின் தன் வண்டியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பண்ணையில் காலையிலேயே மாடு அறுத்துவிட்டார்கள். வெயிலில் கெடுவதற்குள் இறைச்சி வந்தாக வேண்டும். கொட்டகையிலிருந்து நொல்பெர்த்தோ தனியாக நடந்து வந்தான். வழியில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே இறங்கி நடந்தான்.

"என்னடா, கேபிள் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. நல்லாருக்கு."

"அப்புறம் என்ன, கெளம்பு."

"நான் ஓட்டல தோன் எர்வின். ரோமெரக் கூப்பிடுங்க. அவன் இன்னிக்கு சும்மாத்தான் இருக்கான்."

"உனக்கு என்ன?"

நொல்பெர்த்தோ இடது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. மூட்டை ஏற்றுகிறவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் கையை மடக்கவில்லை.

தோன் எர்வின் அந்தக் கையையே பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"குளிர் காலத்துலருந்து."

"போன வாரம் என் பொண்ணு உன்கூட வந்தா."

"ஆமா."

"கொழந்தயோட."

"ஆமா."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். முகம் வெளிறியிருந்தது. "உன்ன நம்பி நான் என்னத்தயெல்லாம் ஏத்தி விட்ருக்கேன்," என்றார். "இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல. போயிரு."

நொல்பெர்த்தோ போகவில்லை. அங்கேயே நின்றான். தோன் எர்வின்தான் வண்டியை எடுத்துக்கொண்டு, இன்னொரு பைலட்டான ரோமெர் வீட்டுப் பக்கம் போனார். எனெய்தா கையைத் துடைத்துக்கொண்டே கொட்டகையிலிருந்து வந்து, அவன் பக்கத்தில், இடது பக்கமாக நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ரோமெர் வந்தான். அவர்கள் கண்ணெதிரே விமானம் ஓடுபாதையில் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு கிளம்பியது. அது மேகத்துக்குள் போகிறவரை பார்த்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். பைக்கை அவள் ஓட்டினாள்.

அதற்குப் பிறகு தோன் எர்வின் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். விமானத்தளத்தில் யாரும் நொல்பெர்த்தோவைக் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று எனெய்தா சொன்னாள். காலையில் விமானச் சத்தம் கேட்டதும் தூக்கத்திலேயே எழுந்து பூட்ஸைத் தேடுவானாம். தாழ்வாரத்துத் தூளியை அவள் அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். "கட்டில் ஆடுது, ஆடட்டும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, சொன்னதன் அர்த்தம் வேறு மாதிரி விழுந்ததும் வெட்கப்பட்டாள். நான் விடவில்லை. அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தேன்.

தண்ணீர் வடியத் தொடங்கிய சமயத்தில் தோன் எர்வின் ஒருநாள் வந்து ஓரத்து மேஜையில் உட்கார்ந்தார். பேசாமல் சாப்பிட்டார். புளித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எழுந்து போகும்போது, "டாக்டரப் பாத்தானா?" என்றார்.

"நாளைக்கு சாந்தா க்ரூஸ் போறாங்க. பஸ்ல."

"வெள்ளிக்கிழம ரோமெர் அங்க எஞ்சின் சாமான் எடுக்கப் போவான். திரும்பி வர்றப்ப பின் ஸீட்டு காலியாத்தான் வரும்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்னு சொல்லாத."

நான் சொல்லிவிட்டேன்.

டாக்டர் நோயின் பேரைச் சொன்னார். மெதுவாகத்தான் வளரும், மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் பைலட் ஸீட்டை மறந்துவிட வேண்டும் என்றார். நொல்பெர்த்தோ நன்றி சொல்லிவிட்டு, மோட்டார் பைக்கில் சதுக்கத்தைச் சுற்றலாமா என்று கேட்டானாம். பின்னால் உட்கார்ந்தால் சுற்றலாம் என்றாராம் டாக்டர்.

வெள்ளிக்கிழமை அவர்கள் அந்த விமானத்தில் திரும்பி வந்ததை எனெய்தா என்னிடம் சொன்ன மாதிரியே சொல்கிறேன். விமானம் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நொல்பெர்த்தோ பின் ஸீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. ஏறியதும் அவன் முழங்கால் முன் ஸீட்டில் இடித்தது. ரோமெரின் தலை மறைத்தது. எட்டி எட்டி முன்னாலிருந்த மானிகளின் முட்களைப் பார்த்தான். ரோமெருக்குப் பிடரியெல்லாம் வேர்த்தது. மேகம் கட்டியிருந்த இடத்தில் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. நொல்பெர்த்தோ பேச்சை நிறுத்தினான். மீசை வரை முகம் வெளிறிப்போனது.

"கெழவி," என்றான் மெல்ல. "எனக்கு வாந்தி வருது."

அவள் முதலில் கிண்டல் என்று நினைத்தாள். அதற்குள் அவன் குனிந்துவிட்டான். மகளுக்கென்று வாங்கிய செருப்புப் பெட்டியைத்தான் அவசரத்துக்கு நீட்ட முடிந்தது. செருப்பை வெளியே எடுக்க நேரமில்லை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள், அடக்கவே முடியாமல் சிரித்தாள். ரோமெர் திரும்பிப் பார்க்காமல், "கேப்டன், ஆட்டோ பைலட் போட்டுக்கட்டுமா? ஆட்டம் கொஞ்சம் குறையும்," என்றான்.

"போடு," என்றான் நொல்பெர்த்தோ, வாயைத் துடைத்துக்கொண்டு. "பயப்படாமப் போடு. என் பொண்டாட்டி மாட்டுன கேபிள்."

மோட்டார் வேலை செய்யத் தொடங்கியது அவள் காதுக்குத் தெரிந்தது. கீழே வடிந்துகொண்டிருந்த தண்ணீருக்கு நடுவே புல் பச்சையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நொல்பெர்த்தோ தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். இடது கையை எடுத்து, தானாகவே, அவள் மடியில் வைத்தான். அது அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அழுத்தி நிறுத்தவில்லை. எங்கள் ஊர் திரினிதாத் வந்து இறங்கும்வரை அது ஆடியபடியே இருக்க விட்டுவிட்டாள்.